சின்ன பேட்டரி

அத்தியாயம் 23

காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணி லாரியின் பக்கத்தில் நின்று சாவியின் பொத்தானை அழுத்தினாள். பூட்டு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவளை முதலில் அண்ணி என்று கூப்பிட்டவன் இவள் கணவரின் தம்பி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பிரெட் வண்டிக்காரர்கூடக் கூச்சமே இல்லாமல் அண்ணி என்கிறார். நாமும் இருபத்திரண்டு வாரமாக அப்படித்தான் கூப்பிடுகிறோம். இனிமேல் மாற்றினால் நன்றாக இருக்காது.

எட்டு மாதம் முன்பு, அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அவள் கணவர் சமையலறையில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கையில் பேனா கொடுத்தால் வெறும் கோடுதான் வந்தது. அன்று வீட்டில் இருந்தவன் தம்பி மட்டும். “ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது” என்றார் டாக்டர். “நான் தூங்கிட்டேன் அண்ணி. எனக்குத் தெரியலை” என்றான் தம்பி. அதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சொல்லவில்லை. அவர் ஓட்டிய லாரியை அவள் ஓட்டினாள். தம்பி ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு அண்ணன் கட்டில் பக்கம் உட்கார்ந்தான். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, பாத்திரம் பிடிப்பது எல்லாம் அவன்தான். இப்படித்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

லாரி கம்பெனியுடையது; டீசல் இல்லாமல் பேட்டரியில் ஓடும் மின்சார லாரி. மருந்துக் கிடங்கில் ஏழு மணிக்கு கேட் சாத்துவார்கள். அதற்குள் வண்டி உள்ளே நின்றால்தான் லோடு. போன வாரம் இரண்டு தடவை கேட் சாத்திய பிறகு போய் நின்றாள். “இன்னொரு தடவை இப்படி ஆனா சாவியை மேஜையில வச்சுட்டுப் போயிடுங்கம்மா. வேற ஆள் இருக்காங்க” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த மனிதர் வெறுமனே மிரட்டுகிறவர் இல்லை.

கிடங்குக்கு அரைமணி ஓட்டம். ஆறரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

“தம்பி!”

அவன் ஏற்கெனவே வாசலில் நின்றான். கையில் வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் ஒயர், தோளில் துண்டு. அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

“மறுபடியுமா?”

“பார்த்தாத் தெரியலையா?”

சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி, கதவை அவன் கையால் திறந்தான். டேஷ்போர்டு கன்னங்கரேலென்று இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தான்.

“ஒன்பது வோல்ட்கூட இல்லை அண்ணி. செத்துப்போச்சு.”

“அடியில இருக்கே அவ்வளவு பெரிய பேட்டரி, அது?”

“அது முழுசா இருக்கு. அதுல ஊரைச் சுத்தி வரலாம். ஆனா இந்தச் சின்னது எழுப்பி விட்டாத்தான் அது எழுந்திருக்கும். இது இல்லேன்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

“புது பேட்டரி மாத்தி ஆறு மாசம்கூட ஆகலையே!”

“பேட்டரி மேல தப்பு இல்லை. போன வாரம் ஏத்திப் பார்த்தேனே, நல்லாத்தான் நிக்குது. வண்டி சும்மா நிக்கும்போது எதுவோ அதைக் குடிக்குது. என்னன்னுதான் பிடிபடலை.”

சொல்ல அண்ணியிடம் ஒன்று இருந்தது. முந்தாநாள் பக்கத்து சீட்டில் தம்பியின் இயர்போன் கிடந்தது.

பிரெட் வண்டிக்காரர் தன் வேனைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தினார். நல்ல மனிதர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

“வாரா வாரம் என் வண்டியில பால் குடிக்குதே உங்க குழந்தை” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பிரெட் தட்டுகளை எண்ணப் போய்விட்டார்.

தம்பி சிவப்புக் கிளிப்பை இரண்டு பக்கமும் பிளஸ்ஸில் மாட்டினான். கறுப்பை வேனின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை லாரி பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருந்த வெற்று இரும்பில் கவ்வ வைத்தான். பக்கத்தில் தடியாக ஓடிய ஆரஞ்சு நிற ஒயர் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டான். பெரிய பேட்டரியின் ஒயர் அது. உறை பிய்ந்திருந்து கை பட்டால் ஆள் இருக்க மாட்டான்.

“வேனை ஓடவிடுங்க. பத்து நிமிஷம் ஊட்டணும். அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண அவசரப்பட்டா இருக்கறதும் போயிடும்.”

மணி ஆறு ஐந்து. பத்து நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணியைக் கேட்க வேண்டும். கையைப் பிசைந்தாள். தெருவைப் பார்த்தாள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்து வருவதை நினைத்தாள். அதற்கப்புறம் இந்த வீட்டில் எதுவும் இல்லை. தம்பி குனிந்து கிளிப்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு நிதானமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“சாயங்காலத்துல நீ வண்டிக்குள்ள உட்கார்ந்து பாட்டு கேட்கறியா?”

அவன் நிமிர்ந்தான். “இல்லையே.”

“உன் இயர்போன் சீட்டுல கிடந்தது.”

“வண்டியைத் துடைச்சேன் அண்ணி. பையிலேருந்து விழுந்திருக்கும்.”

“துடைக்கறதுக்கு எவ்வளவு நேரம்? விளக்கைப் போட்டுக்கிட்டு, ரேடியோவைப் போட்டுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு. கேட்டா எதுவோ குடிக்குதுன்னு கதை!”

“நான் ஏன் கதை சொல்லப்போறேன்?”

“உனக்கு என்ன? வண்டி போனா போகுது. கேட்ல போய்க் கெஞ்சறது நானில்லையா!”

“அண்ணி, மெதுவா. அண்ணனுக்குக் கேட்கும்.”

ஜன்னல் பத்தடி தூரத்தில் திறந்திருந்தது. அண்ணன் பின் அறையில் இருட்டில் கிடக்கிறாரே என்று, இரண்டு வாரம் முன்புதான் கட்டிலை முன் அறை ஜன்னலோரம் அவளே இழுத்துப் போட்டிருந்தாள்.

அவன் மெதுவாகப் பேசச் சொன்னதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. எட்டு மாதம் அடக்கி வைத்திருந்ததை நாக்கில் நரம்பில்லாமல் கொட்டிவிட்டாள்.

“கேட்கட்டும்! நல்லாக் கேட்கட்டும்! அன்னைக்குக் காதுல அந்த இயர்போனை மாட்டிக்கிட்டுத் தூங்கினதாலதானே அவர் இப்படிக் கிடக்கறாரு? அண்ணனைப் படுக்கையில போட்டது போதாதுன்னு இப்ப வண்டியையும் படுக்க வைக்கறியா?”

பிரெட் வண்டிக்காரர் தட்டு எண்ணுவதை நிறுத்தினார்.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது லாரியின் நான்கு மூலை விளக்குகளும் மின்னின. கதவில் ‘டக்’ என்று பூட்டு விழுந்தது. உடனே ‘டக்’ என்று திறந்தது. கேபினுக்குள் விளக்கு எரிந்தது. மறுபடி பூட்டியது, மறுபடி திறந்தது. வேனிலிருந்து வந்த கரண்டில் வண்டிக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. ஆனால் அதை யாரும் தொடவில்லை. சாவி அண்ணியின் கையில் சும்மா இருந்தது.

“என்ன இது, பேய் புகுந்துடுச்சா?” என்றார் பிரெட் வண்டிக்காரர்.

டக். டக். டக்.

தம்பிதான் முதலில் ஜன்னலைப் பார்த்தான். “ஐயோ” என்றான்.

அண்ணி உள்ளே ஓடினாள். அண்ணன் தலையணையில் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மார்பின் மேல் கிடந்தது. கையில் பழைய சாக்ஸில் சுற்றிய ஸ்பாஞ்சு பந்து; பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். சாக்ஸை உருவினாள். உள்ளே லாரியின் இரண்டாவது சாவி இருந்தது. அலமாரியில் பத்திரமாக இருப்பதாக நம்பிய சாவி.

அதன் பொத்தான் மேல் அண்ணனின் வலது கட்டை விரல் இருந்தது. எட்டு மாதமாக மரக்கட்டை மாதிரிக் கிடந்த விரல். அது அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.

“நான்தான் குடுத்தேன்” என்று வாசற்படியில் நின்ற தம்பி சொன்னான். “பந்தை இடது கையால தூக்கித் தூக்கிப் போட்டாரு. பயிற்சி குடுக்கற அம்மா, அவருக்குப் பிடிச்சது ஏதாவது குடுங்க, ஒரு நாளைக்கு நூறு தடவை அழுத்தட்டும்னாங்க. இதைக் குடுத்ததும் விடவே இல்லை. விரல் அசைய ஆரம்பிச்சுடுச்சு. நல்லா வந்ததும் உங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேன்.”

“இது வேலை செய்யற சாவிடா!”

“பின் ரூம்லேருந்து சிக்னல் வண்டிக்குப் போகாது. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன்.”

கட்டிலை இங்கே யார் இழுத்துப் போட்டது என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவன் சாவியைக் கொடுத்தான், அவள் கட்டிலை நகர்த்தினாள், அண்ணன் சாயங்காலமும் விடியலிலும் மனசாரப் பயிற்சி செய்தார். ஒவ்வொரு அழுத்துக்கும் லாரி விழித்துக்கொண்டு விளக்கைப் போட்டது, சின்ன பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று, பூட்டும்போது வரும் ஹாரன் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததால் ஒருவர் காதிலும் விழவில்லை.

சாவியை அவர் விரல்களிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவர் விடவில்லை. அவள் பலமாக இழுத்தாள். எடுத்த பிறகும் அந்தக் கட்டை விரல் சும்மா காற்றை அழுத்திக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு வந்தாள். மணி ஆறு இருபது. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள். டேஷ்போர்டு விழித்தது, பச்சை விளக்கு எரிந்தது. தம்பி கறுப்பு, சிவப்பு என்று கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

“இன்னைக்கு முழுக்க வண்டியை அணைக்காதீங்க. லோடு இறக்கும்போதும் ஓடிக்கிட்டே இருக்கட்டும்.”

“சரி.”

“பாட்டு கேட்டு பேட்டரியைத் தீர்த்தேன்னீங்க. அது இல்லைன்னு ஆயிடுச்சு.” ஒயரைச் சுருட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான். “இன்னொண்ணு சொன்னீங்களே அண்ணி?”

அதுவும் தப்பு, கோபத்தில் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த வார்த்தை கோபத்தில் வெளியே வந்ததே தவிர, கோபத்தில் பிறந்தது இல்லை.

“லோடுக்கு நேரமாச்சு” என்றாள்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு லாரி கிடங்குக்குள் நுழைந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். தப்பித்தோம் என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குளுக்கோஸ் பெட்டிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டை விரல்தான் கண் முன்னால் வந்தது.

முதல் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஆஸ்பத்திரியிலிருந்து போட்டாள். அடித்து ஓய்ந்தது. அண்ணனைத் துடைத்துக்கொண்டிருப்பான், கை ஈரமாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குப் போட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மூன்று மணிக்கு வீடு திரும்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில், தம்பி உட்காரும் ஸ்டூலில், எதிர் வீட்டுத் தையல்காரம்மா உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி எங்கே?”

“பதினோரு மணிக்கு வந்து கூப்பிட்டான். நீங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் இருங்கன்னான். குளிக்க வச்சு, சோறு ஊட்டி, துணியெல்லாம் மாத்திட்டுத்தான் வந்தான். பையைத் தூக்கிக்கிட்டு நின்னான். எங்கேடான்னு கேட்டேன், சிரிச்சான். எனக்கு அந்தச் சிரிப்பே சரியாப் படலை அண்ணி.”

ஒரு காகிதத்தை நீட்டினாள். தம்பியின் கோணல் எழுத்து. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம். முதுகில் சிவந்திருக்கும் இடத்தில் என்ன தடவ வேண்டும். கடைசி வரியில், “வலது கட்டை விரல், நூறு தடவை. விட்டுடாதீங்க. வேற எதாவது சாவி குடுங்க.” அவ்வளவுதான். அவளுக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

“நாளைக்கு நான் வர முடியாது அண்ணி, சொல்லிடறேன். பள்ளிக்கூட யூனிபார்ம் அறுபது உருப்படி கிடக்கு.”

“பரவாயில்லைங்க. நீங்க போங்க.”

பரவாயில்லை என்று எந்த தைரியத்தில் சொன்னாளோ! நாளை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்ப வேண்டும். இந்த மனிதரை யாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவது? லாரியைக் காப்பாற்றிவிட்டாள். அதை ஓட்ட முடியாமல் பண்ணிக்கொண்டுவிட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்றால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்புவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே அவர்களுக்குள் ஏற்பட்ட பாஷை இது. எட்டு மாதமாக அந்தப் பாஷையில் அவள் கேட்டதெல்லாம் பசிக்குதா, வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா என்ற மூன்றே கேள்விதான்.

“தம்பி போயிட்டான்” என்றாள். “உங்களுக்குத் தெரியுமா?”

கண்ணை மூடித் திறந்தார்.

“காலையில நான் பேசினது கேட்டுச்சா?”

மூடித் திறந்தார்.

“அப்பத்தானே சாவியை அழுத்தினீங்க? அது… பயிற்சியா?”

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார். மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

“பின்னே? என்னை நிறுத்தச் சொன்னீங்களா?”

மூடித் திறந்தார்.

“பேட்டரியை அவன் தீர்க்கலை, நான்தான்னு சொல்ல வந்தீங்களா?”

கண்ணை மூடவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. இன்னும் கேள் என்பதுபோல் அவளையே பார்த்தார். இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார். அவள் சும்மா விட்டுவிடலாம்; வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடலாம். போகவில்லை.

“அன்னைக்கு நடந்ததா?”

மூடித் திறந்தார்.

“நீங்க விழுந்தப்போ அவன் தூங்கிக்கிட்டுத்தானே இருந்தான்?”

அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அண்ணி அவர் முகத்தைக் கையால் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“முழிச்சிருந்தானா? வந்து தூக்கினானா?”

மூடித் திறந்தார்.

“அப்ப ஆஸ்பத்திரிக்கு…? போகலாம்னு சொன்னானா அவன்?”

மூடித் திறந்தார். கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவர் முயலவில்லை.

“நீங்க வேண்டாம்னீங்களா? ஒண்ணும் இல்லை, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு? கேட் சாத்திடுவாங்க, லோடு எடுக்கப் போகணும்னு?”

அண்ணன் கண்ணை மூடினார். திறக்கவில்லை.

விழுந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, தம்பியை அதட்டி, இரண்டு மணி நேரம் பிடிவாதம் பிடித்திருக்கிறார். மறுபடி விழுந்த பிறகுதான் அவனால் தூக்கிக்கொண்டு ஓட முடிந்திருக்கிறது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் வந்து சேர்வதற்குள், தான் தூங்கிவிட்டதாகச் சொல்வது என்று அவன் முடிவு செய்திருக்கிறான். இனிமேல் வாழ்நாள் முழுக்கத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட வேண்டிய கணவர் மேல் அவளுக்குக் கோபம் வரக் கூடாது என்பதற்காக. அந்தக் கோபத்தை எட்டு மாதம் அவன் வாங்கிக்கொண்டான். அவள் ஒரு வார்த்தை சொல்லாமலே தினம் மூன்று வேளையும் அதை அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். கண்ணை மூடித் திறக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

போனை எடுத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக அதே குரல் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடி போட்டாள். பிறகு, எழுத்துப் பிழையோடு, இரண்டு தடவை அழித்து எழுதி, ஒரு செய்தி அனுப்பினாள்.

“நீ தூங்கலைன்னு அண்ணன் சொல்லிட்டாரு.”

செய்தி போயிற்று. போய்ச் சேரவில்லை. இருட்டும் வரைக்கும் போய்ச் சேரவில்லை.